ஏஐ டிடெக்டர் ஸ்கோரை நம்பி மார்க் குறைக்கலாமா?

கேள்வி: காலேஜ்ல பாடம் எடுக்கறேன், ஒரு ஸ்டூடண்ட்டோட கட்டுரைய, ஏஐ எழுதினதான்னு கண்டுபிடிக்கற டிடெக்டர்ல போட்டா 80% ஏஐன்னு காட்டுது, அவன் நானே எழுதினதுதான்னு அடிச்சு சொல்றான். இத வச்சு ஆக்‌ஷன் எடுக்கலாமா?

பதில் 1: வேணவே வேணாங்க. சாட்ஜிபிடிய செஞ்ச ஓபன்ஏஐயே தன்னோட டிடெக்டர் துல்லியமா இல்லன்னு 2023 ஜூலைல நிறுத்திட்டாங்க. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் மனுஷங்க எழுதின டோஃபல் (இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க எழுதற இங்கிலீஷ் தேர்வு) கட்டுரைங்கள 7 டிடெக்டர்ல போட்டு பாத்தாங்க, சராசரியா பாதிக்கு மேல ஏஐன்னு தப்பா சொல்லிடுச்சு. இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க எளிமையா எழுதுவாங்க இல்லையா, அதான் மாட்டிக்கறாங்க.

பதில் 2: அப்ப காப்பி அடிக்கறவன சும்மா விட்டுடறதா?

பதில் 3: யாரு விட சொன்னா? கூப்பிட்டு அவன் எழுதினத பத்தியே கேளுங்க, டிராஃப்ட் ஹிஸ்டரிய (கட்டுரைய படிப்படியா எழுதி திருத்தின பதிவு) காட்ட சொல்லுங்க. எழுதாதவன் ரெண்டாவது கேள்விலயே முழிப்பான். (பெரிய கிளாஸ்ல எல்லாருக்கும் இத செய்ய முடியுமாங்கறது வேற கதை)