லோன் ஆப்: தப்பு வாங்கினவர் மேலா, கொடுத்தவர் மேலா?

செவ்வாய்ப்பேட்டைக்காரி:
என் சித்தி மகன் சேலம் சிவதாபுரத்தில் ஒரு பட்டறையில் கொலுசு பற்றவைக்கிற வேலை செய்கிறான். வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டின பிறகு ஆர்டர் குறைந்துபோய் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. பிள்ளைக்கு ஸ்கூல் வேன் பணம் கட்ட, போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு லோன் ஆப்பில் 5,000 ரூபாய் கேட்டான். கைக்கு வந்தது 3,500. மீதி 1,500-ஐ ‘பிராசஸிங்’ என்று அவர்களே பிடித்துக்கொண்டார்கள். ஏழு நாளில் 5,000 கட்ட வேண்டும். ஆறாம் நாளே மிரட்டல் ஆரம்பித்துவிட்டது. எட்டாம் நாள் அவன் படத்தை அசிங்கமாக வெட்டி ஒட்டி, ‘இவன் திருடன்’ என்று எழுதி, அவன் போனில் இருந்த நாற்பது பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். மனைவியின் அண்ணன், பிள்ளையின் டீச்சர், பட்டறை முதலாளி எல்லாரும் அதில் உண்டு.

பட்டறை வேலை தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. காலையில் எடை போட்டு வெள்ளியைக் கையில் கொடுப்பார்கள், சாயங்காலம் எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள், நடுவில் இருப்பது நம்பிக்கை மட்டும்தான். முதலாளி நல்ல மனுஷர், திட்டக்கூட இல்லை. ‘கொஞ்ச நாள் கழித்து வாப்பா’ என்றார். பதினோரு வருட வேலை, அந்த ஒரு வார்த்தையில் போச்சு.

வட்டியைப் பற்றிக்கூட நான் அப்புறம்தான் பேசுவேன். நாலு பேர் நம் மேல் வைத்திருக்கிற மரியாதையைத்தான் இவர்கள் அடமானமாகப் பிடிக்கிறார்கள். போனில் இருக்கிற நம்பர்களை எடுத்துக்கொண்டு கடன் கொடுப்பதே குற்றம் என்று ஆக வேண்டும். கட்டவில்லை என்றால் கோர்ட்டுக்குப் போகட்டும்.

ஐந்துரோடு ஃபைனான்ஸ்:
அக்கா, தம்பிக்கு நடந்தது கொடுமை, அதில் எனக்கு வேறு பேச்சு இல்லை. ஆனால் ஒன்பது வருடமாக ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் கேட்கிற சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2022 செப்டம்பரிலிருந்தே இருக்கிற ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆப் வழியாகக் கடன் கொடுக்கிறவர்கள் போனில் இருக்கிற நம்பர்கள், படங்கள், கால் பதிவுகள் எதையும் தொடக் கூடாது. பணம் நேராக வாங்குகிறவரின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டியை முன்கூட்டியே எழுதிக் காட்ட வேண்டும், வசூலுக்கான வேறொரு விதிப்படி காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்கு அப்புறமும் போன் செய்யக் கூடாது. கூகுளும் 2023 மே 31-லிருந்து கடன் ஆப்புகள் நம்பர்களையும் படங்களையும் எடுப்பதற்குத் தடை போட்டுவிட்டது.

தம்பி மாட்டிக்கொண்டது திருட்டு ஆப். ஏதோ லிங்க்கை அமுக்கி இறக்கி, ‘அனுமதி’ கேட்ட இடத்தில் எல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறார். அதற்காக எல்லா ஆப்பையும் குற்றவாளி ஆக்கினால் நியாயமாகத் தொழில் செய்கிறவன்தான் கடையை மூடுவான்.

அம்மாப்பேட்டை தறி:
நான் ஆப் பக்கம்தான் பேசுவேன், கோபப்படாதீர்கள் அக்கா.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பா மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ராத்திரி பத்தரை மணி. 8,000 ரூபாய் வேண்டும். தண்டல்காரரிடம் போனால் பத்தாயிரம் என்று எழுதி 8,500 கொடுப்பார், நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும், ஒரு நாள் தவறினால் வாசலில் நின்று தெருவே கேட்கிற மாதிரி பேசுவார். தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கலாம், ஆனால் அது அடையும் வரை வேறு தறிக்கு மாற முடியாது, அவர் சொன்னதுதான் கூலி. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் முன்பணத்திலேயே பதினான்கு வருடம் ஓட்டிவிட்டார். வங்கியில் எனக்குக் கடன் கிடையாது, சம்பளச் சீட்டு இல்லை. ஒரு ஆப்பில் கேட்டேன். பத்து நிமிஷத்தில் பணம் வந்தது, மூன்று மாதத் தவணையில் கட்டி முடித்தேன், யாருக்கும் தெரியாது. யார் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. மரியாதை என்று நீங்கள் சொல்வது எனக்கு அன்றைக்கு அந்த ஆப்பில்தான் கிடைத்தது.

செவ்வாய்ப்பேட்டைக்காரி:
தம்பி, நீங்கள் சொல்வது மனதில் தைக்கிறது, முன்பணத்தில் கட்டுப்பட்டுக் கிடக்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கணக்கு வேறு மாதிரி. தண்டலில் 8,500-க்கு நூறு நாளில் 1,500 வட்டி, வருடத்துக்கு 64 சதவீதம் வருகிறது. என் தம்பிக்கு 3,500-க்கு ஏழே நாளில் 1,500. வாரத்துக்கே 43 சதவீதம், வருடத்துக்குப் போட்டால் 2,200-ஐத் தாண்டும். அப்புறம், தண்டல்காரர் கத்தினால் எங்கள் தெரு கேட்கும். தெருவில் நம்மை அறிந்தவர்கள் இருப்பார்கள், யாராவது ஒரு பெரியவர் நடுவில் வந்து பேசுவார். வாட்ஸ்அப்பில் போன படத்துக்கு யார் நடுவில் வருவார்கள்?

ஐந்துரோடு ஃபைனான்ஸ்:
ஒரு திருத்தம். தண்டலில் தினமும் அசல் குறைந்துகொண்டே வருகிறது, அதனால் உண்மையான வட்டி நீங்கள் போட்டதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தண்டலை நல்லதாக்கிவிடாதீர்கள். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் பிள்ளைகளோடு தீக்குளித்தது கந்துவட்டியால்தான், அதில் ஆப் எதுவும் இல்லை. 2003-லேயே தண்டல், மீட்டர் வட்டி, ஹவர் வட்டி என்று பெயர் சொல்லித் தடுத்த சட்டம் இருந்தும் அது நடந்தது.

நாகலூர் காபி:
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். ‘அனுமதி கொடுத்தார்’ என்று அண்ணன் சொன்ன அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில்.

எங்கள் பக்கம் எஸ்டேட்டில் காபி பறிக்கிற பெண்கள் இப்போது எல்லாரும் போன் வைத்திருக்கிறார்கள். அதில் வருகிற கேள்வி பாதி இங்கிலீஷில் இருக்கும். சரி என்று அமுக்கினால்தான் அடுத்த பக்கம் வரும், வேண்டாம் என்றால் ஆப் மூடிக்கொள்ளும். பறிப்பு முடிந்து வேலை இல்லாத மாதத்தில், அரிசிக்குப் பணம் தேடுகிற ஒருத்தி அந்த இடத்தில் எதை யோசித்து முடிவு செய்வாள்? சரி, அவள் அனுமதி கொடுத்தாள் என்றே வைத்துக்கொள்வோம், அவள் போனில் இருக்கிற நாற்பது பேர் கொடுத்தார்களா? என் நம்பர் என்னுடையது. என் தோழி கடன் வாங்கினாள் என்பதற்காக அதை எவனோ எடுத்துக்கொள்ள அவள்கூட அனுமதி கொடுக்க முடியாது.

ஆனால் அக்காவிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அவமானத்தை அடமானம் வைப்பதை ஆப் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு குழுக் கடனில், ஒருத்தி தவணை கொண்டுவரவில்லை என்றால் மற்ற பெண்களை மத்தியானம் வரை எழுந்திருக்க விடமாட்டார்கள். சொந்தக்காரிகளே அவளைத் திட்டுவார்கள். வசூலுக்கு வந்தவர் வாயே திறக்க வேண்டாம். ஆப்பை மட்டும் பிடித்துவிட்டு இதை விட்டுவிட்டால் எங்களுக்கு என்ன மாறும்?

அம்மாப்பேட்டை தறி:
இது சரி. குழுக் கடனுக்காக என் அக்கா தாலிக்கொடியை அடகு வைத்திருக்கிறாள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரி:
நாகலூர் தோழி சொன்னதை ஏற்கிறேன், யார் செய்தாலும் அதே குற்றம்தான்.

ஃபைனான்ஸ் அண்ணா, பதிவு பெற்றவர்கள் நியாயமானவர்கள், மற்றவர்கள் திருடர்கள் என்று நீங்கள் போட்ட கோடு அவ்வளவு நேராக இல்லை. கேஷ்பீன் ஆப்பை நடத்திய பிசி ஃபைனான்சியல் சர்வீசஸ் பதிவு பெற்ற நிறுவனம்தான். வெளிப்படையில்லாமல் அநியாய வட்டி வாங்கியதற்கும், கடனை வசூலிக்க ரிசர்வ் வங்கி, சிபிஐ முத்திரைகளை அனுமதி இல்லாமல் பயன்படுத்தியதற்கும் 2022 பிப்ரவரியில் அதன் பதிவை ரிசர்வ் வங்கியே ரத்து செய்தது. பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தபோதே மக்கள் மிரட்டப்பட்டிருக்கிறார்கள்.

ஐந்துரோடு ஃபைனான்ஸ்:
அந்த உதாரணத்தை மறுக்க முடியாது. அந்த மாதிரி நிறுவனங்களால் எங்கள் தொழிலுக்கே கெட்ட பெயர், அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் ரத்து செய்ய முடிந்ததே பதிவு இருந்ததால்தான் அக்கா. ரிசர்வ் வங்கியின் குழு 2021 ஜனவரி, பிப்ரவரி இரண்டே மாதத்தில் தேடிப் பார்த்தபோது கிடைத்த சுமார் 1,100 கடன் ஆப்புகளில் 600 சட்டவிரோதம். 2023 பிப்ரவரியில் மத்திய அரசு 94 கடன் ஆப்புகளை முடக்கியது. என்ன ஆச்சு? பெயரையும் படத்தையும் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். தமிழ்நாட்டில் 2025-ல் மிரட்டி வசூல் செய்வதற்கு எதிராகத் தனிச் சட்டமே வந்திருக்கிறது, ஆனால் மிரட்டுகிற நம்பர் எந்த ஊர், எந்த நாடு என்றே தெரியாதபோது யாரைப் பிடிப்பது?

செவ்வாய்ப்பேட்டைக்காரி:
பணத்தைப் பிடியுங்கள். ஆள் எந்த நாட்டில் இருந்தாலும் என் தம்பி கட்டின 5,000 இங்கே இருக்கிற ஒரு வங்கிக் கணக்குக்குத்தான் போனது. அந்தக் கணக்கை ஒரு வங்கி திறந்து கொடுத்திருக்கிறது, பணத்தை ஒரு பேமென்ட் கம்பெனி கடத்திவிட்டிருக்கிறது, விளம்பரத்தை ஒரு பெரிய கம்பெனி காசு வாங்கிக்கொண்டு போட்டிருக்கிறது. மூன்று பேரும் நமக்குத் தெரிந்த முகவரியில் இருப்பவர்கள், மூன்று பேரும் லாபத்தில் பங்கு வாங்குகிறார்கள். ‘நாங்கள் வெறும் வழி’ என்று அவர்கள் சொல்வதை ஏன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்? திருட்டு வெள்ளி என்று தெரிந்தும் உருக்கிக் கொடுக்கிறவனை எங்கள் கடைவீதி விட்டுவிடுமா?

அம்மாப்பேட்டை தறி:
இதற்கு நானும் சரி. ஆனால் நல்ல ஆப்பை மூடிவிடாதீர்கள், ராத்திரி பத்தரை மணிக்கு எனக்கு வேறு வழி இல்லை. தம்பி இப்போது என்ன செய்கிறார் அக்கா?

செவ்வாய்ப்பேட்டைக்காரி:
மண்டியில் மூட்டை தூக்குகிறான். 5,000 கட்டியும் மறுபடி 6,000 கேட்கிறார்கள்.

ஐந்துரோடு ஃபைனான்ஸ்:
இனி ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். கட்டக் கட்டக் கேட்பார்கள், கேட்காமலே கணக்கில் கொஞ்சம் பணம் போட்டுவிட்டு அதற்கும் சேர்த்துக் கேட்பார்கள். மெசேஜ் எதையும் அழிக்கச் சொல்லாதீர்கள், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பணம் வந்ததும் போனதும் தெரிகிற வங்கி ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கிவிட்டு சைபர் கிரைம் போலீஸுக்கும் போங்கள். ரிசர்வ் வங்கி தன் தளத்தில் 2025 ஜூலையிலிருந்து, பதிவு பெற்ற நிறுவனங்கள் தாங்கள் பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிற ஆப்புகளின் பட்டியலைப் போட்டிருக்கிறது, அதில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள், முப்பது நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடிதம் எழுத வேண்டும் என்றால் நான் எழுதித் தருகிறேன்.

நாகலூர் காபி:
புகார் ரசீதைப் பட்டறை முதலாளியிடம் காட்டுங்கள் அக்கா. அவர் பார்த்தது அந்தப் படத்தை மட்டும்தான்.

செவ்வாய்ப்பேட்டைக்காரி:
திங்கட்கிழமை நானே அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன், ரசீது கையில் வந்ததும் அங்கிருந்து நேராகப் பட்டறைக்கு. கடிதத்துக்கு நன்றி அண்ணா, கட்டாயம் கேட்பேன். ஆனால் அவன் அனுமதி கொடுத்தான் என்று நீங்கள் எழுதினதை நான் இன்னும் ஏற்கவில்லை.