குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை: குப்பர்டினோவில் ஐந்து மாடி

வேணுகோபால்: [படம்]

வேணுகோபால்: தெருமுனையில் மூடிக்கிடக்கிறதே கடை வரிசை, அதன் வேலியில் இன்று காலை இந்தப் பலகையை மாட்டியிருக்கிறார்கள். ஐந்து மாடிக் குடியிருப்பு, கீழே வாகன நிறுத்தம். நம் கொல்லையில் நின்றால் எலுமிச்சை மரத்துக்கு நேர் மேலே அவர்கள் பால்கனி வரும்.

வேணுகோபால்: தெருக்காரர்கள் கூடிப் பேசிவிட்டோம். வழக்குத் தொடுப்பது என்று முடிவு. வக்கீல் செலவுக்கு வீட்டுக்கு ஆயிரம் டாலர். மனுவையும் அனுப்புகிறேன், எல்லோரும் கையெழுத்திடுங்கள். முடிந்தவர்கள் பணமும் கொடுங்கள்.

கல்பனா: பால் வாங்கப் போன மனிதர் பலகையைப் படம் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். பால் வரவில்லை.

அருண்: அப்பா, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடியில் பொடி எழுத்தில் முதல் விண்ணப்பம் 2024 தொடக்கத்தில் கொடுத்ததாக இருக்கிறது. விஷயமே அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

வேணுகோபால்: தேதியில் என்ன இருக்கிறது?

அருண்: எட்டு ஆண்டுக்கு ஒருமுறை கலிஃபோர்னியா மாநிலம் ஒவ்வொரு நகரத்துக்கும் இத்தனை வீடுகளுக்கு இடம் ஒதுக்கு என்று கணக்குக் கொடுக்கிறது. 2023 முதல் 2031 வரை குப்பர்டினோவின் பங்கு 4,588. அதற்கான திட்டம் 2023 ஜனவரி 31-க்குள் தயாராக வேண்டும். நம் ஊர் கெடுவைத் தவறவிட்டது. வீட்டுவசதி ஆதரவு அமைப்புகள் வழக்குப் போட்டன, நகரம் சமரசத்துக்கு வந்தது. மாநிலத்தின் சான்று கிடைத்தபோது 2024 செப்டம்பர் ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் விண்ணப்பித்தவர்கள் வருமானம் குறைந்தவர்களுக்கு ஒரு பங்கு வீடுகளை ஒதுக்கினால் போதும், எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்ற நகரத்தின் மண்டல விதியைக் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. ‘பில்டர்ஸ் ரெமெடி’ என்பது இதுதான். உங்கள் தெருமுனைக்காரர் அந்த வாசல் வழியாக வந்தவர்.

வேணுகோபால்: மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் உட்கார்ந்திருப்பவருக்கு எங்கள் தெருவின் அகலம் தெரியுமா?

கல்பனா: யாரைச் சொல்கிறீர்கள்? அரசாங்கத்தையா, நம் பையனையா?

வேணுகோபால்: இரண்டு பேரையும்தான்.

செல்வி: அண்ணா, மனுவில் “அக்கம்பக்கத்தின் தன்மை” என்று எழுதியிருக்கிறதே, அதற்கு என்ன பொருள்?

வேணுகோபால்: தனி வீடுகள், மரங்கள், அமைதி. இதற்காகத்தானே இங்கே வந்தோம்.

அருண்: நீதிமன்றத்தில் அந்தச் சொல்லுக்கு இப்போது மதிப்பில்லை. அடி, அங்குலம், எண்ணிக்கை என்று அளந்து காட்டக்கூடிய விதி இருந்தால் அதை மீறியதாகச் சொல்லலாம். அழகாக இல்லை, பொருந்தவில்லை என்று சொல்லி வீட்டைத் தடுக்க முடியாது.

வேணுகோபால்: வால்கோ அங்காடி விஷயத்திலும் இதே பாட்டைத்தான் பாடினார்கள்.

அருண்: வால்கோவை நீங்களே இழுத்ததால் சொல்கிறேன். அந்த அங்காடியின் பனிச்சறுக்குத் தளத்தில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவன் நான், எனக்கும் உரிமை உண்டு. 2016 நவம்பரில் இரண்டு முன்மொழிவுகள் வாக்குக்கு வந்தன. ஒன்று வளர்ச்சியைக் கட்டுப்படுத்த ஊர்க்காரர்கள் கொண்டுவந்தது. மற்றது உரிமையாளர் நிறுவனத்துடையது: 20 லட்சம் சதுர அடி அலுவலகம், கூரைமேல் 30 ஏக்கர் பூங்கா, வெறும் 389 வீடுகள். ஊர் இரண்டையும் தோற்கடித்தது.

வேணுகோபால்: சரியாகத்தான் செய்தது. அலுவலகத்தை அவ்வளவு கட்டிவிட்டு 389 வீடு என்றால் மற்றவர்கள் எங்கே போவார்கள்?

நந்தினி: மாமா, இதை நீங்களே சொல்கிறீர்களா! எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியும். எங்களைப் போலத் தொலைவில் டிரேசிக்கு வருவார்கள்.

அருண்: பொறு நந்தினி. 2017-ல் மாநில செனட்டர் ஸ்காட் வீனர் கொண்டுவந்த எஸ்.பி. 35 சட்டமாயிற்று. கொடுத்த கணக்குப்படி வீடு கட்டாத ஊரில், விதிகளுக்கு உட்பட்டு, நம் ஊரைப் போன்ற இடத்தில் பாதி வீடுகளைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கினால், நகரமன்றத்தின் விவாதமே தேவையில்லை. அலுவலர்களே சரிபார்த்து 180 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் அந்த நிறுவனம் விண்ணப்பத்தை நீட்டியது. 2,402 வீடுகள், 18 லட்சம் சதுர அடி அலுவலகம். செப்டம்பரில் ஒப்புதல். 389-க்கு வேண்டாம் என்ற ஊருக்கு 2,402 வந்தது, கருத்துச் சொல்ல ஒரு கூட்டம்கூட இல்லாமல்.

வேணுகோபால்: அதனால்தான் வழக்குப் போட்டார்கள்.

அருண்: போட்டார்கள், 2020 மே மாதம் தோற்றார்கள். குறை இருந்தால் நகரம் குறித்த நாளுக்குள் விவரமாக எழுதித் தந்திருக்க வேண்டும், தராவிட்டால் விதிக்கு இணங்கியதாகவே கொள்ளப்படும் என்பது சட்டம். இதில் எனக்கு வயிற்றெரிச்சல் வேறொன்று. அதே 2018-ல் நகரமன்றம் தானே ஒரு மாற்றுத் திட்டம் பேசி வைத்திருந்தது. வீடுகள் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் புதிய நகர அலுவலகம், கலையரங்கம், பள்ளிகளுக்கு நிதி எல்லாம் அதில் உண்டு. அதை ரத்து செய்ய மளிகைக்கடை வாசலில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்து வந்த மன்றம் 2019-ல் ரத்தும் செய்தது. கலையரங்கம் போயிற்று. வீடுகள் போகவில்லை.

கல்பனா: அந்த மேசைக்கு நாற்காலி நம் வீட்டிலிருந்துதான் போயிற்று. ஒன்று திரும்பி வரவில்லை.

வேணுகோபால்: முழுக் கதையையும் சொல், அருண். அந்த நிலம் மாசுபட்டது என்று நாங்கள் அப்போதே சொன்னோம். பின்னால் என்ன ஆயிற்று? மண்ணில் மாசு கண்டு, கவுண்டியின் சுற்றுச்சூழல் துறை மேற்பார்வையில் சுத்தம் செய்ய வேண்டி வந்தது. பாதி வீடுகள் ஏழைகளுக்கு என்றார்களே? 2024-ல் திருத்திய திட்டத்தில் 2,669 வீடுகளில் 890. மூன்றில் ஒரு பங்கு. எங்களைத்தான் ஏழைகளின் எதிரி என்றார்கள்.

அருண்: அந்த இரண்டும் உண்மை. மறுக்கவில்லை.

வேணுகோபால்: இன்னொன்று. 2018-ல் இடிக்கத் தொடங்கிய இடம். இன்றுவரை ஒரு வீட்டில் விளக்கு எரிந்ததா? வழக்கால் பயனில்லை என்று யார் சொன்னது?

நந்தினி: மாமா, காலம் கடந்ததில் உங்களுக்கு இழப்பு இல்லை. எங்களுக்கு இருக்கிறது. நான் பாடம் எடுக்கும் பள்ளி உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவு. நான் ஐந்து மணிக்கு முன்னால் டிரேசியில் வண்டியை எடுக்கிறேன். ஆல்டமாண்ட் கணவாயில் சிவப்பு விளக்கு வரிசை அப்போதே நிற்கிறது. தாமதித்துக் கிளம்பினால் முதல் மணிக்கு வர முடியாது என்பதால் சீக்கிரம் வந்து, பள்ளி வாகன நிறுத்தத்தில் இருக்கையைச் சாய்த்துத் தூங்குகிறேன். காவலாளி கண்ணாடியைத் தட்டி எழுப்புகிறார். தினமும்.

செல்வி: குழந்தை எழுந்திருக்கும்போது இவள் இல்லை, தூங்கும்போதுதான் வருகிறாள். உங்களைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, அண்ணா.

வேணுகோபால்: எங்கள் வீட்டில் வந்து தங்கு என்று எத்தனை முறை அழைத்திருக்கிறேன்.

நந்தினி: அழைத்தீர்கள், மாமா. என் கணவர், குழந்தை, அம்மா எல்லோரும் டிரேசியில் இருக்கிறோம். உங்கள் வீட்டில் ஓர் அறை கிடைத்தால் நான்தான் தங்கலாம், குடும்பம் தங்க முடியாது. ஆசிரியைச் சம்பளத்துக்கு வாடகை கொடுக்கக்கூடிய இரண்டு அறை வீடு அந்த ஊரில் எங்கே இருக்கிறது? இந்தப் பலகையில் இருப்பது அதுதான்.

வேணுகோபால்: சரி, பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கொள். இத்தனை வீடு வந்தால் வகுப்பறைகள் தாங்குமா?

நந்தினி: 2016-ல் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். இப்போது பிள்ளைகளே குறைகிறார்கள். ரெக்னார்ட் தொடக்கப் பள்ளியை 2022-ல் மூடியது நினைவில்லையா? இளம் பெற்றோர் இந்த ஊரில் வீடு வாங்க முடியாவிட்டால் முதல் வகுப்புக்குப் பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்? ஆப்பிளின் வட்டக் கட்டடத்துக்கு 2013-ல் ஒப்புதல் கொடுத்தபோது, பன்னிரண்டாயிரம் பேர் இரவில் எங்கே தூங்குவார்கள் என்று எந்தத் தெருவும் மனு எழுதவில்லையே.

சுந்தரம்: இப்போதுதான் எழுந்து வந்து எல்லாவற்றையும் படித்தேன். வேணு, நியூஜெர்சியில் இது பழங்கதை. மவுண்ட் லாரல் என்ற ஊரின் மீது போட்ட வழக்கில் 1975-லேயே மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மண்டல விதியை வைத்துக்கொண்டு எளிய மக்களை ஊருக்கு வெளியே நிறுத்தக் கூடாது, ஒவ்வொரு ஊரும் தன் பங்குக்கு இடம் தர வேண்டும். ஊர் அசையவில்லை. 1983-ல் நீதிமன்றம் இன்னும் கடுமையாகச் சொன்னது. அப்போதுதான் கட்டுநர்களே ஊர்கள் மீது வழக்குப் போடலாம் என்ற வழி திறந்தது.

சுந்தரம்: அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற எதெல் லாரன்ஸ் 1994-ல் காலமானார். அவர் பெயரில் கட்டிய குடியிருப்பில் முதல் குடும்பங்கள் குடிபுகுந்தது 2000-ல். தீர்ப்பு வந்து கால் நூற்றாண்டு. தாமதம் வெற்றி என்றாயே, அதற்கு இதுதான் அளவு.

வேணுகோபால்: அண்ணா, அங்கே சுற்றுவட்டார வீடுகளின் விலை விழவில்லையா?

சுந்தரம்: பிரின்ஸ்டனில் டக்ளஸ் மாஸி என்ற சமூகவியலாளரும் குழுவினரும் அதைத்தான் ஆராய்ந்தார்கள். அக்கம்பக்கத்தில் வீட்டு விலையும் இறங்கவில்லை, குற்றமும் ஏறவில்லை, வரியும் கூடவில்லை. அருகே குடியிருந்த பலருக்கு அந்தக் குடியிருப்பின் பெயரே தெரியவில்லை.

கல்பனா: விலையைப் பற்றி இவர் ஏன் கவலைப்படுகிறார்? விற்கவா போகிறார்? 1978-ல் வந்த ப்ராப் 13 என்ற சொத்துவரிச் சட்டத்தின் புண்ணியத்தில் நாங்கள் வாங்கிய விலையை வைத்துத்தான் இன்னும் சொத்துவரி, ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் மதிப்பை ஏற்ற முடியாது. எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்த பெண் எங்களைப் போல் பல மடங்கு கட்டுகிறாள். அவளிடமும் அதே ஆயிரம் டாலர் கேட்டிருக்கிறார்கள்.

வேணுகோபால்: இதையெல்லாம் குழுவில் போட வேண்டுமா?

கல்பனா: குடும்பக் குழுதானே.

வேணுகோபால்: எதிர்த்து நிற்கும் ஊர்களும் இருக்கின்றன. ஹண்டிங்டன் பீச் பணிந்ததா?

அருண்: பணியவில்லை. 13,368 வீடுகள் அவர்கள் பங்கு. திட்டம் தர மாட்டோம் என்றார்கள், 2023-ல் மாநிலம் வழக்குப் போட்டது. நாங்கள் சொந்தச் சாசனம் உள்ள நகரம், மாநிலம் எங்களுக்குக் கட்டளையிட முடியாது என்று கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே தள்ளுபடி, 2024 அக்டோபரில் மேல்முறையீட்டிலும் தள்ளுபடி. வக்கீல் பணம் ஊரார் வரிப்பணம்.

அருண்: லஃபாயெட் ஊரைக் கேளுங்கள், இன்னும் நெருக்கமான கதை. 2011-ல் டியர் ஹில் சாலையில் 315 அடுக்ககங்கள் கட்ட விண்ணப்பம் வந்தது. ஊர் எதிர்த்தது. பேசிப் பேசி 44 தனி வீடுகளாகக் குறைத்தார்கள். அதுவும் கூடாது என்று 2018 ஜூனில் ஊர் வாக்களித்து 44-ஐயும் தோற்கடித்தது. கட்டுநர் பழைய 315-ஐ எடுத்துத் தூசி தட்டினார். 2020-ல் நகரமன்றம் ஒப்புதல் கொடுத்தது. ஒரு குழு வழக்குப் போட்டு மேல்முறையீடு வரை போய் 2022-ல் தோற்றது.

கல்பனா: உள்ளதும் போனதடா நொள்ளைக் கண்ணா.

செல்வி: அண்ணி 🙏

வேணுகோபால்: எங்கள் வக்கீல் சுற்றுச்சூழல் சட்டத்தில் இடம் இருக்கிறது என்கிறார்.

அருண்: 1970-ல் ஆளுநராக இருந்த ரீகன் கையெழுத்திட்ட அந்தச் சட்டம்தான் இத்தனை காலம் எல்லோருக்கும் பிடிமானம். 2025 ஜூன் 30-ல் ஆளுநர் நியூசம் கையெழுத்திட்ட திருத்தத்துக்குப் பிறகு நகருக்குள்ளே கட்டும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு விலக்கு. உங்கள் மனைக்கு அது பொருந்துமா என்று வக்கீலிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையில் வேண்டாம். நகரமே பயந்து மறுத்தாலும் கட்டுநர் வழக்குப் போடுவார். நகரம் தோற்றால் அவருடைய வக்கீல் செலவையும் கொடுக்க வேண்டும். தீர்ப்பையும் மதிக்காவிட்டால் வீட்டுக்குக் குறைந்தது 10,000 டாலர் அபராதம் வரை போகும்.

வேணுகோபால்: ஆக, சாக்ரமெண்டோ சொல்வதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இதற்குப் பெயர் ஜனநாயகம்.

நந்தினி: மாமா, கூட்டத்துக்குப் போய்ப் பேசுங்கள். வாய் மூட வேண்டாம். வீடே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அருண்: கேட்டால் கிடைக்கக்கூடியவை இருக்கின்றன. வாகன நிறுத்தத்தின் வாசல் நம் தெருவில் வருகிறதா, பெரிய சாலையில் வருகிறதா? காற்றுப் போக்கி யார் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது? வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும்? வேலியோரம் என்ன மரம் நடுவார்கள்? வழக்கு மிரட்டல் இல்லாமல் வந்து உட்கார்ந்தால் கட்டுநர் இதற்கெல்லாம் சம்மதிப்பார், அவருக்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஓடுகிறது. வரைபடம் நகரத்தின் இணையதளத்தில் இருக்கும். தாள் எண்ணைத் தேடி அனுப்புகிறேன்.

கல்பனா: அந்தப் பக்கம் நடைபாதை பாதியில் நின்றுபோகிறது. நான் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது. அதைக் கேளுங்கள் முதலில்.

வேணுகோபால்: நான் இன்னும் எதற்கும் சம்மதிக்கவில்லை. ஐந்து மாடி அந்த மனைக்கு அதிகம்தான். மூன்று என்றால் வாய் திறந்திருக்க மாட்டேன்.

நந்தினி: 2023-ல் திட்டம் கேட்டபோது நகரம் அந்த மூன்றைச் சொல்லியிருக்கலாம், மாமா.

வேணுகோபால்: அருண், வரைபடத்தை அனுப்பு. அந்தப் பால்கனி எந்தத் தாளில் இருக்கிறது?

அருண்: பின்பக்கத் தோற்றம் என்று இருக்கும். அனுப்பிவிட்டேன்.

வேணுகோபால்: பால்கனி நம் பக்கம் இல்லை. படிக்கட்டுச் சுவர்தான் வருகிறது. சின்ன ஜன்னல்கள்.

கல்பனா: எலுமிச்சை மரம் பிழைத்தது.

வேணுகோபால்: காற்றுப் போக்கி நம் பக்கம்தான். இதை விடமாட்டேன்.

சுந்தரம்: அந்த ஆயிரம் டாலர் என்ன ஆகிறது?

வேணுகோபால்: காசோலை வாங்க நாளை காலை எட்டு மணிக்கு வருவார்கள். கல்பனா, நான் நடைப்பயிற்சிக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லிவிடு.

கல்பனா: நான் எதற்குச் சொல்ல வேண்டும்? நீங்களே இருந்து சொல்லுங்கள். அப்படியே அந்த நாற்காலியையும் கேளுங்கள்.