மாண்ட்ரியலா, பெர்லினா? கேம் ஸ்டூடியோ ஆள் குறைத்தால் விசா என்ன ஆகும்?

தேயிலைமேடு (கோத்தகிரி):
பாரதியார் பல்கலை பி.எஸ்சி விஸ்காம், வீடியோ கேமில் காடு, கட்டடம் மாதிரிப் பின்னணி உருவாக்கும் என்விரான்மென்ட் ஆர்ட்டில் 4 வருஷ அனுபவம். மாண்ட்ரியல் (கனடா), பெர்லின் இரண்டிலும் கடைசிச் சுற்று இன்டர்வியூ. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கேமிங் பிரிவில் 1,900 பேர், கேம் மென்பொருள் நிறுவனமான யூனிட்டியில் 1,800 பேர், பிப்ரவரியில் சோனியில் 900 பேர் என்று குறைத்தார்கள். வேலை போனால் அங்கே எத்தனை நாள் இருக்க முடியும்? பெர்லினில் சொல்லும் வருஷச் சம்பளம் 46,000 யூரோ, விசாவுக்குப் போதுமா?

ஊசியிலை:
நாள் கணக்கு மட்டும் பார்த்தால் கனடா தாராளம். வேலை போனாலும் பர்மிட்டில் இருக்கும் தேதிவரை தங்கலாம். ஆனால் அதில் முதலாளி பெயர் அச்சாகியிருக்கும்; புது ஸ்டூடியோ உங்களுக்காக எல்எம்ஐஏ (வெளிநாட்டு ஆளை எடுக்க அரசு தரும் ஒப்புதல்) வாங்கணும், மாண்ட்ரியல் இருப்பது கியூபெக் மாகாணம் என்பதால் அந்த மாகாணத்தின் சிஏகியூ சான்று தனி. எல்எம்ஐஏவுக்கு குளோபல் டேலண்ட் ஸ்ட்ரீம் என்ற விரைவு வழியில் 10 வேலைநாள்தான் இலக்கு, நிஜம்தான். ஒரே மாசத்தில் ஊரெல்லாம் ஆர்ட்டிஸ்ட் வெளியே வந்து நின்றால், பேப்பர் வேலை இல்லாத உள்ளூர்க்காரரைத்தானே முதலில் கூப்பிடுவார்கள்?

ஜெர்மனி ப்ளூ கார்டில் (பட்டதாரிகளுக்கான வேலை, வசிப்பு அனுமதி) முதல் 2 வருஷத்துக்குள் வேலை போனால் புது வேலை தேட 3 மாசம், அதற்குப் பிறகு 6 மாசம். வேலை முடியப்போவது தெரிந்த 2 வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுதிடணும். வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு 3 நாள்தான். தவறினால் வேலையில்லாதவருக்குத் தரும் படியில் ஒரு வாரம் போச்சு. 12 மாசம் வேலையின்மைக் காப்பீடு கட்டாதவருக்கு அந்தப் படியே கிடையாது. பி1 (இடைநிலை) ஜெர்மன் இருந்தால் 21 மாசத்தில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம், ஏ1 (தொடக்க நிலை) என்றால் 27. ஆபீஸில் இங்கிலீஷ்தானே என்று மொழியைத் தள்ளிப்போடுகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

கட்டபெட்டு_ரிக்கர்:
46,000 போதாது தம்பி. ப்ளூ கார்டுக்கு 2025 வருஷச் சம்பள வரம்பு 48,300 யூரோ, வருஷா வருஷம் மாறும். அதைவிடக் குறைந்த வரம்பு ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்கும் படித்து முடித்து 3 வருஷம் ஆகாதவர்களுக்கும்தான். பட்டமில்லாமல் அனுபவத்தை வைத்து கார்டு தருவதும் ஐடி வேலைக்கே. புரோகிராமருக்குச் செல்லும், ஆர்ட்டிஸ்டான நமக்குச் செல்லாது. சம்பளத்தைப் பேசி ஏற்றப் பாருங்கள். இல்லையென்றால் சாதாரண வேலை அனுமதிதான், அதில் இடம் மாறுவது கஷ்டம்.

கான்ட்ராக்டில் புரோபேஷனைப் பாருங்கள். 6 மாசம் வரை போடலாம், அதற்குள் 2 வார நோட்டீஸ் போதும். வீட்டு அட்வான்ஸே 3 மாச வாடகை வரை கேட்பார்கள். கேமுக்குப் பணம் போடுவது யார் என்று ஹெச்ஆரிடம் நேராகவே கேளுங்கள். பப்ளிஷர் (கேமை வெளியிடும் நிறுவனம்) என்றால் அடுத்த மைல்ஸ்டோன், அதாவது முடித்த வேலையைக் காட்டிப் பணம் வாங்கும் கட்டம், எப்போது? அது ரிஜெக்ட் ஆனால் சம்பளத்துக்கு எத்தனை மாசப் பணம் கையில் இருக்கிறது? மழுப்பினால் அதுவே பதில்.

தேயிலைமேடு:
நன்றிண்ணா. வெளிநாட்டுப் பட்டம் ஜெர்மனியில் செல்லுமா என்று பார்க்கும் அனாபின் தளத்தில் என் காலேஜ் பெயரே வரவில்லையே?

ஊசியிலை:
காலேஜைத் தேடாதீர்கள். பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம், அதைப் போடுங்கள். பக்கத்தில் ஹெச் பிளஸ் (அங்கீகாரம் உண்டு என்ற குறி) இருக்கணும், உங்கள் பட்டமும் தனியாகப் பட்டியலில் இருக்கணும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் ஸாப் அலுவலகத்தில் மதிப்பீட்டுச் சான்று வாங்கணும், அதற்குத் தனிக் கட்டணம். அப்புறம், ஆன்லைன் இன்டர்வியூவுக்கு மாண்ட்ரியல் காலை 10 மணி நமக்குக் கோடையில் ராத்திரி 7.30, குளிர்காலத்தில் 8.30. ஐப்பசி மழையில் கோத்தகிரி கரண்டை நம்பாதீர்கள், ரௌட்டரையும் யூபிஎஸ்ஸில் போட்டுவிடுங்கள்.