மறு: மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். இன்ஜின் எண்ணெயின் அழுத்தத்தை டாஷ்போர்டில் காட்டும் கேஜைப் பொருத்துவது பற்றி நான் எழுதும் கையேட்டுக்காக இந்தச் சொல்லைக் கேட்டிருந்தேன். ஒரு நண்பரின் பதில்:

> "இயந்திர எண்ணெய் அழுத்தமானி என்றே வைத்துவிடலாம். மெக்கானிக்கலுக்கு இயந்திரவியல் என்று ஏற்கெனவே பழகிவிட்டதே."

இதை என்னால் ஏற்க முடியவில்லை. கையேட்டின் முதல் வரைவில் நானும் இதே சொல்லைத்தான் போட்டிருந்தேன். தர்மபுரியில் பழைய ஜீப்புகளையும் டீசல் கார்களையும் பிரித்து வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் அதைப் படிக்கக் கொடுத்தேன். தலைப்பைப் பார்த்ததும் அவர் கேட்டது: "இயந்திர அழுத்தமானின்னா கம்ப்ரஷன் பார்க்கிற கேஜுங்களா?"

அவர் கேட்டது நியாயம்தான். காரைப் பற்றிப் பேசும்போது 'இயந்திரம்' என்றால் யாருக்கும் இன்ஜின்தான் நினைவுக்கு வரும். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்க்கும் கேஜ் வேறு. டீசல் இன்ஜினில் அது சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டை ஒட்டி வரும். நாம் பேசுகிற ஆயில் கேஜில் 100 பவுண்டோடு முள்ளின் பாதை முடிந்துவிடும். கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவரை இந்த இரண்டுக்கும் நடுவில் குழப்பிவிடக் கூடாது.

மெக்கானிக்கலுக்கு யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன 'பொறிமுறை' அழகான சொல். ஆனால் இலங்கைச் செய்தித்தாள்களில் அது அரசியல் ஏற்பாடுகளுக்கே அதிகம் புழங்குகிறது. தமிழ்நாட்டு ஒர்க்ஷாப்பில் யாருக்கும் அது தெரியாது. 'பூர்டான் குழாய் அழுத்தமானி' என்பதையும் யோசித்தேன். பிரான்சில் யூஜின் பூர்டான் 1849-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. வளைந்த, தட்டையான உலோகக் குழாய்க்குள் அழுத்தம் ஏறினால், திருவிழாவில் பிள்ளைகள் ஊதும் சுருள் பீப்பியைப் போல அது நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். சரியான பெயர்தான். ஆனால் அது கேஜின் வயிற்றுக்குள் இருப்பதைச் சொல்கிறது. பொருத்துகிறவருக்குக் கேஜுக்கு வெளியே என்ன வருகிறது என்பதுதான் தெரிய வேண்டும்.

ஆயில் கேஜில் மெக்கானிக்கல், மின் கேஜ் என்று இரண்டு வகை உண்டு. அந்த அண்ணன் இரண்டையும் பிரித்துச் சொன்னது இப்படி: "ஒண்ணு டியூப் வெச்சது, இன்னொண்ணு ஒயர் வெச்சது." வேறுபாடு முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. மின் கேஜில் இன்ஜினில் உட்காரும் உணரி (சென்சர்) அழுத்தத்துக்கு ஏற்ப மின்தடையை மாற்றும். டாஷ்போர்டுக்கு ஒரு கம்பி மட்டும் வரும். மெக்கானிக்கல் கேஜில் இன்ஜின் எண்ணெயே மெல்லிய குழலில் ஏறி, ஓட்டுநரின் முழங்கால் அருகே வரை வந்து நிற்கும். எது சுலபம், எது ஆபத்து, எங்கே கவனம் வேண்டும் என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஆகவே என் பரிந்துரை:

குழல்வழி எண்ணெய் அழுத்தமானி, கம்பிவழி எண்ணெய் அழுத்தமானி.

தரைவழி, வான்வழி என்று சொல்லிப் பழகியவர்களுக்கு 'வழி' புதிதில்லை. 'குழாய்' என்று வைக்கலாமே என்று கேட்கலாம். நம் ஊரில் குழாய் என்றால் தண்ணீர்க் குழாய்தான். எட்டில் ஒரு பங்கு அங்குலம் தடிமன் உள்ள நைலானுக்கோ செம்புக்கோ குழல் என்பதே பொருந்துகிறது. 'மானி'யை மாற்ற வேண்டியதில்லை, வெப்பமானி படித்த எல்லோருக்கும் தெரியும்.

எண்ணெய்க்கு முன்னால் 'மசகு' சேர்க்க வேண்டும் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். மாட்டுவண்டி அச்சுக்கு மசகு போட்ட ஊரில் பிறந்தவன் என்பதால் எனக்கும் அந்தச் சொல்லின் மேல் பிரியம் உண்டு. ஆனால் இலங்கையில் மசகு எண்ணெய் என்றால் கச்சா எண்ணெய். 'உயவு' பாடநூலில் இருக்கிறது, பழைய தமிழில் அதற்கு வருத்தம் என்று பொருள். இன்ஜின் என்று வந்த பிறகு வெறும் எண்ணெய் போதும்.

அப்புறம், துணைச் சொற்கள். குழலின் முனையில் மாட்டி, நட்டை முறுக்கும்போது நசுங்கிக் குழலைக் கவ்விப் பிடிக்கும் பித்தளை வளையம் இருக்கிறதே, கடைகளில் ஃபெரூல் என்று கேட்பது, அதற்குப் புதுச்சொல் தேவையே இல்லை. உலக்கை முனையில் இருப்பது என்ன? பூண். அதே வேலை, அதே வடிவம். அந்த அண்ணனிடம் 'பூண்' என்றதும் விளக்கம் கேட்காமல் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். திருகின் புரியைச் சொல்லும் 'மரை' ஏற்கெனவே ஒர்க்ஷாப் மொழியில் உயிரோடு இருக்கிறது. 'டி' இணைப்பை டி என்றே விடலாம், வடிவமே பெயர்.

சொற்கள் ஓடும் உரையில் நிற்கின்றனவா என்று பார்க்க, வரைவின் ஒரு பகுதியைத் திருத்தித் தருகிறேன்:

"இன்ஜின் குளிர்ந்த பிறகு சிவப்பு எச்சரிக்கை விளக்கை எரியவைக்கும் ஆயில் ஸ்விட்சைக் கழற்றுங்கள். அந்தத் துளையில் டி-யை முறுக்கி, ஒரு கிளையில் ஸ்விட்சையும் மறு கிளையில் குழலையும் பொருத்தினால் சிவப்பு விளக்கும் வேலை செய்யும், அழுத்தமானியும் வேலை செய்யும். முதலில் மரையைச் சரிபாருங்கள். எட்டில் ஒரு பங்கு அங்குல அளவில் அமெரிக்க மரைக்கு அங்குலத்துக்கு 27 சுற்று, பிரிட்டிஷ் மரைக்கு 28. ஒன்றில் இன்னொன்று கொஞ்சம் ஏறும், ஏறியபின் கசியும். டெஃப்லான் டேப்பின் துணுக்கு எண்ணெய் வழிக்குள் போகக் கூடாது, முதல் மரையை விட்டுச் சுற்றுங்கள். நைலான் குழல் சைலன்சர் பக்கமே போகக் கூடாது. செம்புக் குழல் என்றால் இன்ஜின் அதிர்வில் இறுகி முறியாமல் இருக்க நடுவில் இரண்டு மூன்று சுருள் விடுங்கள். இன்ஜின் பக்கத்திலிருந்து தகடு வழியாக வண்டிக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். பூணை இறுக்கி, இன்ஜினை ஓட்டி, ஒவ்வோர் இணைப்பையும் துணியால் துடைத்துப் பாருங்கள். உள்ளே கசிந்தால் கால் மேல் விழுவது கொதிக்கும் எண்ணெய்."

இதில் 'குழல்வழி' என்ற பெயரே எச்சரிக்கை வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது. வேறு எந்தப் பரிந்துரைக்கும் அந்தப் பலம் இல்லை.

இவ்வளவு பாடுபட்டு ஏன் இந்தக் கேஜ் என்று கிருஷ்ணகிரி நண்பர் கேட்டிருந்தார். பெரும்பாலான கார்களில் அழுத்தம் அரை பார் (சுமார் 7 பவுண்டு) அளவுக்கு இறங்கினால்தான் சிவப்பு விளக்கு எரியும். அதற்குள் பேரிங் தேயத் தொடங்கியிருக்கலாம். சேலத்திலிருந்து சுமையோடு தொப்பூர்க் கணவாய் ஏறி வந்து வண்டியை ஓரம் நிறுத்திப் பாருங்கள். எண்ணெய் சூடாகி இளகியிருக்கும், ஐடிலில் முள் காலையில் நின்ற இடத்தைவிட நன்றாகவே கீழே நிற்கும். அது இயல்பு. மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதித்தும் ஏறாவிட்டால்தான் கவலை. இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் 10 பவுண்டு அழுத்தம் என்று ஒரு தோராயக் கணக்கு மெக்கானிக்குகளிடம் உண்டு. அதையும் கையேட்டில் சேர்த்திருக்கிறேன்.

ஒன்றுதான் இன்னும் முடிவாகவில்லை: சென்சருக்கு உணரி, உணர்வி, இரண்டில் எது? கம்பிவழி அழுத்தமானிக்கான அத்தியாயத்தை எழுதத் தொடங்குமுன் அதைத் தீர்த்துக்கொள்ளலாம்.