மதுரைக்கு ஒரு தபால்தலை: கயல் வரைய உதவி தேவை

வணக்கம். எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறு பேருக்கு ஞாயிறுதோறும் தபால்தலை சேகரிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் பிரிட்டனின் 1971 வட்டாரத் தபால்தலைகளைக் காட்டினேன். எல்லாவற்றிலும் அதே ராணி முகம்தான். மூலையில் மட்டும் ஸ்காட்லாந்துக்குச் சிங்கம், வேல்ஸுக்கு டிராகன், வட அயர்லாந்துக்கு நட்சத்திரத்துக்குள் ஒரு கை. ஜெஃப்ரி மாத்யூஸ் வடிவமைத்தவை. அத்தனை சின்ன இடத்திலும் டிராகன் தூக்கிய முன்னங்கால் லென்ஸில் தெளிவாகத் தெரிகிறது!

பார்த்ததும் "நம்ம மதுரைக்கும் வரைவோம்" என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிட்டார்கள். 1947 டிசம்பரில் வந்த ஒன்றரை அணா தலையில் இருப்பதுபோல நடுவில் அசோகர் சிங்கங்கள், மூலையில் பாண்டியரின் இரட்டைக் கயல். வெறும் வரைபடப் பயிற்சிதான், அச்சடிக்கப் போவதில்லை.

சிக்கல் கயலில்தான். சிறிதாக்கினால் இரண்டு மீனும் புளியங்கொட்டை மாதிரி ஆகிவிடுகின்றன. செதிலை விட்டுவிட்டு கண்ணும் வாலும் மட்டும் வைத்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. சரிதானா?

மீன் பொறித்த பாண்டியர் காசு யாரிடமாவது இருந்தால், கிட்டத்தில் எடுத்த படம் ஒன்று போடுங்கள். அப்புறம், சின்னம் வரையத் தெரிந்தவர்கள் ஒரு ஞாயிறு காலை வந்து பிள்ளைகளோடு உட்கார முடியுமா? அண்ணாநகர் பக்கம்தான்.