பாஸ்போர்ட் இல்லாம எல்லைய தாண்டி வந்தவங்களுக்கு அடைக்கலம் கேக்க உரிமை இருக்கா? மணிப்பூர் ஹைகோர்ட் தீர்ப்பு பத்தி

வியாசை பர்மா பேரன்:
2021 பிப்ரவரி 1 பர்மால ராணுவம் ஆட்சிய புடிச்சப்ப 7 பேரு, பத்திரிகைக்காரங்களும் அவங்க குடும்பமுமா, உயிருக்கு பயந்து மணிப்பூர் எல்லைல இருக்கற மோரே ஊருக்கு வந்து ஒளிஞ்சிகினு இருந்தாங்க. கைல ஒரு பேப்பரும் இல்ல. மனித உரிமை வக்கீல் நந்திதா ஹக்சர் மணிப்பூர் ஹைகோர்ட்ல கேஸ் போட்டாங்க, மே 3ந் தேதி கோர்ட் இவங்கள பத்திரமா டெல்லிக்கு அனுப்புங்க, அங்க ஐநா அகதிகள் ஆபீஸ்ல மனு குடுக்கட்டும்னு ஆர்டர் போட்டுச்சு. இதுல இன்னா தப்பு? பர்மாலேந்து வந்தவங்க பேரப்புள்ளைங்க நாம இத்தினி பேரு இங்க இருக்கோம், நம்ம ஏரியாலயே இத தப்புன்னு பேசறது மனசுக்கு கஷ்டமா இருக்கு.

ராயபுரத்தான்:
தம்பி, உங்க தாத்தா வந்ததும் இதுவும் ஒன்னு இல்ல. அவங்க நம்ம ஆளுங்க. 60கள்ல பர்மா ராணுவ ஆட்சியாளர் நெ வின் கடை கண்ணி எல்லாத்தையும் அரசுடைமை ஆக்கினதும் டெல்லி கப்பல் ஏற்பாடு பண்ணி கூட்டினு வந்துச்சு, பேரு பதிஞ்சி கார்டு குடுத்தாங்க, பீச் ரோட்ல பர்மா பஜார் வந்துச்சு. இது வெளிநாட்டுக்காரங்க திருட்டுத்தனமா உள்ள வர்றது. 1951 ஐநா அகதிகள் ஒப்பந்தத்துல இந்தியா கையெழுத்தே போடல, போடாத ஒப்பந்தத்த கோர்ட் கொல்லப்பக்கமா கொண்டாரலாமா? மார்ச் 10ந் தேதியே உள்துறை லெட்டர் போட்டாச்சு, வர்றவங்கள தடுங்க, யாரையும் அகதின்னு சொல்ல மாநிலத்துக்கு அதிகாரம் இல்லன்னு.

பாரிஸ் கார்னர் வக்கீல்:
ஆர்டர முழுசா படிச்சிட்டு பேசலாம். சஞ்சய் குமார், லனுசுங்கும் ஜமீர் பெஞ்ச். அவங்கள அகதின்னு கோர்ட் அறிவிக்கவே இல்ல, இங்கயே தங்கலாம்னும் சொல்லல. போய் மனு குடுக்க வழி விடுன்னு தான் சொல்லுச்சு. அனுமதி இல்லாம வந்தது குத்தம் தான், ஆனா மொதல்ல அதுக்கு பதில் சொல்லு, அப்பறம் தான் அடைக்கலம் கேக்கலாம்னு சொல்றது மனிதத்தன்மையே இல்லன்னு தெளிவா எழுதியிருக்காங்க. ஒப்பந்தம் இல்லாட்டியும் அரசியல் சட்டத்துல உயிர் வாழற உரிமை குடுக்கற 21ஆவது பிரிவு இருக்கு. அது குடிமக்களுக்கு மட்டும் இல்லன்னு 1996ல அருணாசலத்துல இருந்த சக்மா அகதிங்க கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு.

ராயபுரத்தான்:
சார் அதே சுப்ரீம் கோர்ட் தான் 2021 ஏப்ரல் 8, பர்மாலேந்து வந்த ரோஹிங்யா முஸ்லிம்கள் கேஸ்ல அவங்கள திருப்பி அனுப்பறத தடுக்க மாட்டேன்னுச்சு, நாடு கடத்தப்படாம இருக்கற உரிமை இந்தியால எங்க வேணா தங்கலாம்ங்கற குடிமக்களோட 19ஆவது பிரிவு உரிமை கூட சேந்ததுன்னு. ஒரு மாசம் கூட ஆகல, ஹைகோர்ட் வேற பக்கம் போவுது. 2025 மே மாசம் இலங்கை தமிழர் ஒருத்தர் கேஸ்ல, எல்லா நாட்டு அகதிங்களுக்கும் இந்தியா சத்திரம் இல்லன்னும் சொன்னாங்க.

பாரிஸ் கார்னர் வக்கீல்:
ரோஹிங்யா கேஸ்ல அரசு நாட்டு பாதுகாப்புக்கு ஆபத்துன்னு வாதம் வச்சுச்சு, இந்த 7 பேர் மேல அப்படி ஒன்னும் இல்லன்னு தான் ஹைகோர்ட் பிரிச்சு பாத்துச்சு. சத்திரம்னு சொன்னது விசாரணைல வாய்வார்த்தையா வந்தது, அதுவும் அவரு உபாங்கற பயங்கரவாத தடுப்பு சட்டத்துல தண்டனை வாங்கினவரு. ரெண்டையும் இதோட போட்டு கொழப்பாதீங்க.

வியாசை பர்மா பேரன்:
அண்ணே நம்ம ஆளுங்க கப்பல்ல ஒழுங்கா வந்தாங்கன்னு சொல்றீங்களே, மோரேல தமிழங்க எப்படி வந்தாங்கன்னு தெரியுமா? 60கள்ல இங்க வந்து இறங்கி பொழைக்க முடியாதவங்க தான் திரும்ப பர்மாக்கே போயிடலாம்னு அவ்ளோ தூரம் கெளம்பி போனாங்க. பர்மா ராணுவம் உள்ள விடாம திருப்பி அனுப்புச்சு, அப்படியே மோரேல தங்கி அங்காள பரமேஸ்வரி கோயில் கட்டி தமிழ் சங்கம் வச்சு பொழச்சாங்க. அதே எல்லை தான் அண்ணே. 1942ல ஜப்பான் குண்டு போட்டப்ப எல்லைக்கு அந்தப்பக்கம் தாமு, இந்தப்பக்கம் மோரே வழியா காட்டுல நடந்து வந்தவங்க லட்சக்கணக்குல, யாரு கைல இன்னா பேப்பர் இருந்துச்சு? எங்க வூட்டு பீரோல ஆயாவோட கார்டு இன்னும் பிளாஸ்டிக் கவர்ல இருக்கு, மடிச்ச எடத்துல கிழிஞ்சி போச்சு, ஆனா எந்த லோனுக்கு போனாலும் எங்கம்மா அத தான் மொதல்ல எடுப்பாங்க. அந்த கார்டு கெடைக்காதவங்கள தான் நான் நெனைக்கறேன்.

ராயபுரத்தான்:
உங்க ஆயா கார்டுக்கு நான் மரியாதை குடுக்கறேன். ஆனா எல்லை 1643 கிலோமீட்டர், மணிப்பூர் சின்ன மாநிலம், 2023ல மெய்தெய், குக்கி கலவரத்துல அங்க இன்னா ஆச்சுன்னு பாத்தோம், மோரேவே எரிஞ்சுது. இம்பால்ல ஆர்டர் போடறது சுலபம், பாரம் அந்த ஊர்க்காரங்க மேல தான். அடைக்கலம் வேணும்னா பார்லிமெண்ட் சட்டம் போடட்டும். 2015ல சசி தரூர் தனிநபர் மசோதா கொண்டாந்தாரு, நிறைவேறல. ஐநா ஆபீஸ் கார்டு குடுத்தாலும் அரசு ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல, அப்ப இவங்க அந்தரத்துல தான் நிப்பாங்க.

பெரம்பூர் அக்கா:
அந்தரத்துல நிக்கறதுன்னா இன்னான்னு புழல் இலங்கை அகதிகள் முகாம்ல போய் பாருங்க தம்பி. என்கிட்ட டியூஷன் படிச்ச பொண்ணு இங்கயே பொறந்து இங்கயே பிகாம் முடிச்சா, 87 ஜூலைக்கு அப்பறம் பொறந்தவங்களுக்கு அப்பா அம்மால ஒருத்தராவது இந்தியரா இருந்தா தான் குடியுரிமை, அதனால பாஸ்போர்ட் கெடையாது. அதுக்காக அன்னிக்கே அவ அப்பா அம்மாவ கடல்லயே திருப்பி இருக்கணும்னு நீங்களும் சொல்ல மாட்டீங்க. 2025ல புதுசா வந்த குடியேற்ற சட்டத்துல, பதிவு பண்ண இலங்கை தமிழருக்கு தண்டனைலேந்து விலக்கு குடுத்தாங்க, ஆனா 2015 ஜனவரி 9க்குள்ள வந்தவங்களுக்கு மட்டும். 2022ல இலங்கைல சோத்துக்கே வழி இல்லாம படகுல வந்து மண்டபம் முகாம்ல இருக்கறவங்க அதுல வரல.

ராயபுரத்தான்:
அந்த தேதிய மாத்தணும்னா நானும் கையெழுத்து போடறேன்கா. அத அரசாங்கம் பண்ணணும், கோர்ட் இல்ல.

வியாசை பர்மா பேரன்:
அரசாங்கம் பண்ணாத வரைக்கும், சுட வர்றான்னு ஓடி வந்து மோரேல நிக்கற ஆள இன்னா பண்றது அண்ணே? 2021 மார்ச் 26ல மணிப்பூர் அரசு சோறு போடாதீங்க, தங்க வைக்காதீங்கன்னு உத்தரவு போட்டு, ஊரே திட்டினதும் 3 நாள்ல வாபஸ் வாங்குச்சு. அந்த 3 நாள்ல வந்து நின்னவங்களுக்கு உங்க பதில் இன்னா, அத சொல்லுங்க.