கடலோரத்தில் நல்ல தண்ணீர் தேடிப்போன இரண்டு நாட்கள்

பாளையங்கோட்டையில் குடியிருக்கும் எங்களுக்குத் திருச்செந்தூர் என்பது காலையில் கிளம்பிப் பிற்பகலில் திரும்பிவிடும் தூரம். திருமணமான பதினாறு ஆண்டுகளில் எத்தனை முறை போயிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் ஒருமுறைகூட அந்த ஊரைத் தாண்டித் தெற்கே கடற்கரைச் சாலையில் வண்டியைத் திருப்பியதில்லை. சாமி கும்பிட்டோம், கடலில் கால் நனைத்தோம், சாப்பிட்டோம், வீடு திரும்பினோம் என்பதோடு சரி. இந்த ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு பார்த்து, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவே கன்னியாகுமரி வரை போய், நாங்குநேரி வழியாகத் திரும்புவது என்று முடிவு செய்தோம். நானும் கணவரும், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளும், ஒன்றாம் வகுப்பு மகனும், எழுபத்து மூன்று வயதான என் மாமியாரும் போனோம். அத்தை பிறந்தது உடன்குடிக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில், தேரி என்னும் செம்மணல் மேடுகளை ஒட்டிய ஒரு சிற்றூர். ஆகவே எங்களுக்குச் சுற்றுலாவாக இருந்த பயணம் அவருக்குப் பிறந்த வீட்டுக்குப் போகும் பயணமாக இருந்தது.

திருச்செந்தூரில் கடலில் குளித்துவிட்டு வழக்கம்போல் நாழிக்கிணற்றுக்குப் போனோம். படிகளில் இறங்கிப் போனால் பெரிய கிணற்றுக்குள்ளே ஒரு சதுர அடி அளவில் இன்னொரு சிறு கிணறு இருக்கும். முருகப்பெருமான் தம் படைவீரர்களின் தாகம் தீர்க்க வேலை ஊன்றி வரவழைத்த ஊற்று என்பது தலபுராணம். அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்ட என் மகள், உதட்டில் வழிந்ததை நக்கிப் பார்த்துவிட்டு, “கடல் இங்கேயே இருக்கு, இது மட்டும் ஏன் கரிக்கலை?” என்று கேட்டாள். இத்தனை ஆண்டுகளாக அதே தண்ணீரில் குளித்துவிட்டுப் போன நான் ஒருநாளும் கேட்காத கேள்வி அது. வேலை ஊன்றிய கதையைச் சொன்னேன். “அது சரி, இப்பவும் ஏன் கரிக்கலை?” என்றாள்.

அதற்கு அத்தைதான் பதில் சொன்னார். கடற்கரையில் எங்கு வேண்டுமானாலும் தோண்டினால் நல்ல தண்ணீர் வராது, ஆனால் எங்கே தோண்ட வேண்டும், எதுவரை தோண்ட வேண்டும் என்று தெரிந்தால் வரும் என்றும், அதற்குத் தேரியைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, வண்டியை மேற்கே திருப்பச் சொன்னார். இப்படியாகத்தான் நாங்கள் எழுதி வைத்திருந்த திட்டம் முதல் நாள் காலையிலேயே கலைந்தது.

குதிரைமொழித் தேரியை நான் புகைப்படங்களில் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்தபோது, செங்கல் சூளையைப் பொடித்துக் கொட்டியதுபோல் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சிவந்து கிடந்தது மணல். காற்று கொண்டுவந்து குவித்த மேடுகள் இவை. மணல் துகள்களின்மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் இந்தச் சிவப்பு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் தென்மேற்குக் காற்றில் மேட்டின் உருவமே மாறிவிடும் என்றார் அத்தை. அவர் சிறுமியாக இருந்தபோது, காற்று அடிக்கும் மாதங்களில் நேற்று நடந்த ஒற்றையடிப் பாதையை இன்று தேட வேண்டியிருக்குமாம்.

அங்கே போகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: தார்ச்சாலை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஐம்பது அடி போனால் நிழல் கிடைக்கும் என்று என் கணவர் ஓட்டினார். முன்சக்கரங்கள் இரண்டும் அச்சுவரை புதைந்துவிட்டன. முடுக்க முடுக்கச் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டது. நாங்கள் மணலைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தபோது, இடுப்பில் அரிவாள்பெட்டியோடு ஒரு பனையேறி வந்தார். எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய், காய்ந்த பனையோலைகளை மட்டையோடு இழுத்து வந்து சக்கரத்துக்கு முன்னால் பரப்பினார். டயர்களில் காற்றைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். “நிறுத்தாம ஒரே மூச்சா எடுங்க தம்பி, இடையில யோசிக்கப்பிடாது” என்றார். வண்டி ஓலைமேல் ஏறி வெளியே வந்தது.

அத்தை அவரிடம் ஊர் விசாரித்தார். மூன்றாவது வாக்கியத்திலேயே இருவருக்கும் தெரிந்த ஒரு குடும்பம் கிடைத்துவிட்டது; அதன்பிறகு அவர் “எக்கா” என்றும், அத்தை “தம்பி” என்றும் பேசிக்கொண்டார்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் அன்று காலை இறக்கிய பதநீரை ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். பட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்கத் தெரியாமல் என் மகன் பாதியைச் சட்டையில் கவிழ்த்துக்கொண்டான். கொடுத்த பணத்தை வாங்க மறுத்துவிட்ட அந்த மனிதர், போகும்போது சொன்ன ஒரு சொல் எனக்குப் பிடித்திருந்தது: “தேரி மழையைச் சேத்து வைக்கும், வண்டியையும் சேத்து வச்சிக்கிடும்.”

அந்தச் சேர்த்து வைத்தலைத்தான் அத்தை காட்ட நினைத்தார். தேரிக்கு நடுவில், மேலப்புதுக்குடியில், அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. சுற்றிலும் செம்மணல் கனன்றுகொண்டிருக்க, அங்கே மட்டும் மரங்கள் அடர்ந்து, பக்கத்தில் ஒரு சுனை இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்கு வரும் கூட்டத்தில் அந்த இடத்தின் அமைதி தெரியாது. சாதாரண சனிக்கிழமையில் போனதால் தெரிந்தது. “இந்தத் தேரியில எங்கயாவது ஓடை ஓடிப் பாத்தியா?” என்று அத்தை பேத்தியிடம் கேட்டார். இல்லைதான். எவ்வளவு மழை பெய்தாலும் மணல் குடித்துவிடுகிறது. குடித்த தண்ணீர் அடியில் மெல்ல நகர்ந்து பள்ளமான இடத்தில் சுனையாக எட்டிப்பார்க்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து இரண்டு மாதமே ஆகியிருந்ததால் சுனையில் நீர் நிறைந்திருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அதற்குப் பிறகு தேரிப் பள்ளங்கள் பல குளமாகவே நின்றன என்றார் அத்தை.

அத்தை தண்ணீரை ருசிபார்க்கும் விதத்தை நான் அன்றுதான் கவனித்தேன். உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து வாயில் விட்டு, உடனே விழுங்காமல், கன்னத்தின் இரண்டு பக்கமும் ஒதுக்கி, கண்ணை மூடி ஒரு கணம் வைத்திருந்து துப்புகிறார். பிறகு ஒரு சொல்லில் தீர்ப்பு வருகிறது: உப்பு, சவர், சப்பு, நல்ல தண்ணி. சுனை நீருக்கு “நல்ல தண்ணி” கிடைத்தது. சிறுவயதில் விடியுமுன் எழுந்து, மணலில் இடுப்பளவு ஊற்று தோண்டி, ஊறும்வரை காத்திருந்து, கலங்காமல் சிரட்டையால் கோரிக் குடத்தில் ஊற்றியவருக்கு நாக்கு அப்படிப் பழகியிருக்கிறது. ஒரு குடம் நிறைய அரைமணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். மகள் ஒரு சிறு பாட்டிலில் சுனை நீரைப் பிடித்து, அதன்மேல் ஒட்டுத்தாளில் இடத்தின் பெயரை எழுதிக்கொண்டாள். நாழிக்கிணற்று நீர் ஏற்கெனவே ஒரு பாட்டிலில் இருந்தது. (நான் எந்த நீரையும் குடிக்கச் சொல்லவில்லை. நாங்களும் நாக்கில் நனைத்ததோடு நிறுத்திக்கொண்டோம்.)

குலசேகரப்பட்டினத்தைக் கடக்கும்போது, 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய இடம் எது என்று கணவர் தேடிக்கொண்டே வந்தார். எனக்கு மணப்பாடு எப்போது வரும் என்பதே நினைப்பாக இருந்தது.

மணப்பாட்டைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் கடலுக்குள் நீண்ட மணற்குன்று, அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம். புயலில் சேதமடைந்த போர்ச்சுக்கீசியக் கப்பலின் ஒடிந்த பாய்மரத்தில் செய்த சிலுவையை அந்தக் கப்பலின் தலைவர் குன்றின்மேல் நட்டார் என்று ஊரார் சொல்கிறார்கள். ஆலயம் 1581-இல் எழும்பியது. இலங்கையோடு வாணிபம் செழித்த காலத்தில் கட்டிய பெரிய வீடுகள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. குன்றின் கடல் பக்கச் சரிவில், 1542-இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கி ஜெபித்த குகை இருக்கிறது. குகைக்குள் அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அங்கேயும் ஒரு கிணறு!

குகையில் ஜெபித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எழுந்து வந்து, நாங்கள் கேட்காமலே கிணற்று நீரைக் கோரிப் பிள்ளைகளின் கையில் ஊற்றினார். அத்தை தன் சோதனையை நடத்தினார். அந்த மூதாட்டி தீர்ப்புக்காக முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றது எனக்குச் சிரிப்பாக இருந்தது. “நல்ல தண்ணிதான்” என்று அத்தை சொன்னதும், “சவேரியார் தண்ணியில்லா!” என்றார் அவர், தம் வீட்டுக் கிணற்றைப் புகழ்ந்ததுபோல் மகிழ்ந்து. அத்தையும் உடனே, “எங்க முருகன் கிணறும் இப்படித்தான் இருக்கும்” என்றார். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து முழங்கால் வலியைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார்கள். சூரியன் மறைந்த பிறகே நாங்கள் குன்றிலிருந்து இறங்கினோம்.

அன்றிரவு உடன்குடியில் அத்தையின் தம்பி வீட்டில் தங்கினோம். மகளின் கேள்விக்கு முறையான விளக்கம் எங்களுக்குக் கிடைத்தது அங்கேதான், நிலவியல் படித்த அவருடைய மகனிடமிருந்து. கடல்நீரைவிட நன்னீர் சற்றே இலேசானது. அதனால் மணலுக்கடியில் தேங்கும் மழைநீர், ஊடுருவி வரும் கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி இருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஆழம் குறைந்த கிணறுகளும் ஊற்றுகளும் இந்த வில்லையின் மேற்பகுதியை மட்டும் தொடுவதால் இனிக்கின்றன. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் அச்சமாக இருக்கிறது: இறைத்து இறைத்து மேலே ஓர் அடி குறைந்தால், கீழிருந்து 40 அடி உப்பு ஏறி வரும். அவர்கள் தோட்டத்தில் அப்பா காலத்துக் கிணறு நன்றாகவே இருந்ததாம். அதைவிட ஆழமாக ஆழ்துளைக் கிணறு போட்ட பிறகு, சில ஆண்டுகளில் வாழை கருகத் தொடங்கியதாம். அத்தை இதையெல்லாம் கேட்டுவிட்டு, “ஊத்து தோண்டும்போதே எங்க ஆத்தா சொல்லுவா, ஆசப்பட்டு ஆழமாத் தோண்டாதேன்னு” என்றார். அந்த இளைஞர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் உவரியில் கடல் கொஞ்சம் சீற்றமாக இருந்தது. சுயம்புலிங்க சுவாமி கோயிலில் நேர்த்திக்கடனாகக் கடல் மணலை ஓலைப்பெட்டியில் சுமந்து வந்து கொட்டிக்கொண்டிருந்தவர்களோடு என் மகனும் சேர்ந்துகொண்டு, இரண்டு கைப்பிடி மணலைப் பக்தியோடு கொண்டுபோய்ப் போட்டான். கடலில் குளித்தவர்கள் உடம்பின் உப்பைக் கழுவ அங்கேயும் கிணற்றடிக்குத்தான் வருகிறார்கள். அந்தத் தண்ணீருக்கு அத்தை “சப்பு” என்றார். மூன்று இடங்களில் கிடைத்த தீர்ப்பு இங்கே தவறியதில் மகளுக்கு வருத்தம். கப்பல் வடிவில் கட்டிய கப்பல் மாதா ஆலயம் அந்த வருத்தத்தைப் போக்கியது.

கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் இயங்குகின்றன. சாலையிலிருந்து அவற்றின் குவிமாடங்கள் தெரிந்தன. அந்த நிலையம் தனக்கு வேண்டிய நன்னீரைக் கடல்நீரிலிருந்தே பிரித்தெடுத்துக்கொள்கிறது என்று கணவர் சொன்னார். “அதுவும் நல்ல தண்ணியா?” என்று மகன் பாட்டியைக் கேட்டான். ருசிபார்க்க வழியில்லாததால் அத்தை கருத்துச் சொல்லவில்லை.

கன்னியாகுமரியைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. படகுக்கு நீண்ட வரிசை. 133 அடி வள்ளுவரையும், அவரை விவேகானந்தர் பாறையோடு இணைத்து 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தையும் கரையிலிருந்தே பார்த்தோம். சூரிய அஸ்தமனத்தை மேகம் மறைத்துவிட்டது. முந்தைய நாள் மணப்பாட்டில் பார்த்ததே போதும் என்று எனக்குத் தோன்றியது. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது என்பவர்களுக்கு நான் மணப்பாட்டையே சொல்வேன், அதுவும் மாலை நான்கு மணிக்குப் போய்ச் சேரும்படி. வயதானவர்களை அழைத்துப் போனால் குன்றில் ஏறும்போது நடுவில் உட்கார்ந்து போக நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் எழுதிய நான்கு பாட்டில்களையும் மகள் பள்ளிக்குக் கொண்டுபோவதற்காகக் குளிர்பதனப் பெட்டியில் வரிசையாக வைத்திருந்தாள். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் மூன்றுதான் இருந்தன. இரவில் தாகம் எடுத்து, விளக்குப் போடாமல் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் குடித்துவிட்டதாகக் கணவர் ஒப்புக்கொண்டார். உப்புக் கரிக்கவே இல்லையா என்று மகள் அழுதுகொண்டே கேட்டாள். வித்தியாசமே தெரியவில்லை என்றார் அவர். அத்தை மீதி மூன்று பாட்டில்களின் பெயர்களைப் படித்துப் பார்த்துவிட்டு, “குடிச்சது சுனைத் தண்ணி” என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனார்.